உள்பாக்கெட்டுக்கு ஒரு ரேடியோ

செப்டம்பர் 9, ஞாயிறு

இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. மைதானமே ஊளையிட்டது. பக்கத்து இருக்கை செலெஸ்தினோ வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "ஹெர்மினியா, அவங்க ஒம்பதாம் நம்பர், அந்த நெட்டையன், இடது பக்கமா ஓடி வந்து தலையால முட்டினானே, அவன் நம்ம ஆளுங்களத் தாண்டி நின்னானா?"

"நின்னான். ரெண்டு முழம் தள்ளி நின்னான். ஆஃப்சைடு" என்றேன், கண்ணை இடுக்கிக்கொண்டு.

முன்வரிசை பெலாயோ காதில் ரேடியோவோடு திரும்பினான். "அவனுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க ரெண்டு பேர் நின்னாங்களாம். சுத்தமான கோலாம்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. "கழுகுக்கும் வயசாயிடுச்சுப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தபால் நிலையத்தில் கோழி கிறுக்கியது போன்ற முகவரிகளை ஒரே பார்வையில் படித்துப் பிரித்துப் போட்டவள் நான். மைதானத்தில் எனக்குப் பெயரே கழுகு. நடுவருக்கு முன்பே நான் சொல்லிவிடுவேன். இப்போது பார்க்கிற இடத்தில் எல்லாம் ஒரு சாம்பல் கறை. ஓரங்கள் மட்டும் தெரிகின்றன. கொடி, விளம்பரப் பலகை, புல்லின் விளிம்பு. நடுவில் பந்து இல்லை, ஆள் இல்லை. முழுக்க இருட்டிவிடாது, ஆனால் போன நடுப்பகுதி திரும்ப வராது என்று மார்ச்சிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். இதை எழுதுவதுகூடத் தடிப் பேனாவால்தான். திரும்பப் படிக்க முடியாது. யார் படிக்கப் போகிறார்கள்?

கண் போனதை மைதானத்தில் ஒருவரும் அறியக்கூடாது. வாரம் முழுக்க ரொட்டிக்கடைக்காரி "வேற என்ன வேணும்?" என்று கேட்பதோடு சரி. அந்தப் பதினோராம் வரிசையில்தான் மனிதர்கள் என்னிடம் ஏதாவது கேட்கிறார்கள். தெரிந்துவிட்டால் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். பாவம் என்று படியிறங்கக் கை கொடுப்பார்கள். சீ.

செலெஸ்தினோவின் பேச்சும் இந்த வருஷம் நீண்டுகொண்டே போகிறது. முன்பெல்லாம் "தள்ளி நின்னானா?" என்று ஒரே வரிதான். இப்போது ஒரு கேள்விக்கு ஒரு கதை. கசாப்புக் கடையை மூடி ஓய்வெடுத்ததிலிருந்து அவருக்கும் பேச ஆளில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 10, திங்கள்

பெலாயோ மாதிரி ஒரு ரேடியோ. அவ்வளவுதானே வேண்டும்?

செப்டம்பர் 12, புதன்

ஆனால் எப்படி வாங்குவது? அந்த மைதானத்தில் பாதிப்பேர் காதில் ரேடியோ வைத்துக்கொண்டுதான் ஆட்டம் பார்க்கிறார்கள். அவர்களை இத்தனை வருஷமாக நக்கலடித்தவள் நான். "கண்ணு முன்னாடி நடக்கறத இன்னொருத்தன் சொல்லணுமாடா உனக்கு?" என்று பெலாயோவை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வாங்கினாலும் ஒளித்து வைக்க வேண்டும்.

அண்ணன் மகள் நூரியா மாட்ரிட்டிலிருந்து பேசினாள். கண் விஷயம் அவளுக்கும் தெரியாது. வீட்டில் பொழுது போகவில்லை, ரேடியோ வாங்கலாமென்று இருக்கிறேன் என்றேன்.

"ஐயோ அத்தை, இப்ப யாரு ரேடியோ வாங்குறா? உங்க போன்லயே வரும். ஞாபகமிருக்கா, போன தடவ வந்தப்ப போட்டுக் குடுத்தேனே, அந்தப் பச்சை பட்டன்."

பச்சை என்பது தெரிகிறது. பரவாயில்லை.

செப்டம்பர் 23, ஞாயிறு

நான் செத்துப் போயிருக்கலாம்.

போன் பாக்கெட்டில், ஒயர் கோட்டுக்குள், ஒரு காதில் குமிழ், மேலே கம்பளித் தொப்பி. குரல் தெளிவாக இருந்தது. நடு மைதானத்தில் பந்து மாறி மாறிப் போகிறது என்று வர்ணனைக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது சுற்றிலும் எல்லோரும் எழுந்து குதிக்கிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். காதில் இருப்பவன் இன்னும் நடு மைதானத்திலேயே இருக்கிறான். இவனை நம்புவதா, அவர்களை நம்புவதா? உட்கார்ந்தே இருந்தேன். எல்லோரும் அடங்கி உட்கார்ந்து, சூரியகாந்தி விதையைக் கொறிக்க ஆரம்பித்த பிறகு, காதில் அவன் "கோ...ல்!" என்று அலறினான். நானும் எழுந்து அலறிவிட்டேன். தன்னந்தனியாக! என்ன புத்தி எனக்கு?

"என்ன ஹெர்மினியா, உனக்கு மட்டும் கோல் தபால்ல வந்துச்சா?" என்றார் செலெஸ்தினோ.

"போய்யா. ரெண்டு தடவ சந்தோஷப்பட்டா உனக்கென்ன?"

சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். போனில் எல்லாம் அரை நிமிஷம் தாமதமாகத்தான் வருமாம். நூரியாவைக் கேட்டபோது, "அதனால என்ன அத்தை, வீட்டுலதானே கேக்கறீங்க?" என்றாள்.

செப்டம்பர் 26, புதன்

அமாதோரின் மின்சாமான் கடை. தாமதமில்லாமல் வரக்கூடிய, பாக்கெட்டில் அடங்குகிற, பழைய மாதிரி ரேடியோ வேண்டும் என்றேன். ஆறேழு எடுத்துப் பரப்பினான்.

"இதப் பாருங்கம்மா, திரையிலயே ஸ்டேஷன் பேரு எழுதி வரும்."

எழுதி வந்து என்ன செய்ய? வேண்டாம் என்று தள்ளினேன். இன்னொன்றில் பொத்தான்கள் எல்லாம் ஒரே மட்டம், தடவினால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இல்லை. ஒன்று கையடக்கம் என்றான், செங்கல் மாதிரி இருந்தது. ஒன்றில் சத்தத்துக்கு மட்டும் சக்கரம். கடைசியாக ஒன்று, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, எஃப்.எம். மட்டும். ரவிக்கைக்குள்கூட ஒளியும். மனசு அதில் ஒட்டிக்கொண்டது. அவன் என்னவோ விளக்கிக்கொண்டே இருந்தான். நான் பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படிப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்ததில் ஒன்றும் காதில் ஏறவில்லை.

வீட்டில் ஜன்னலோரம் அருமையாகக் கேட்டது. தனியாகச் சாப்பிடும்போது ஒரு குரல் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 7, ஞாயிறு

உஸ்ஸ்ஸ். ஆட்டம் முழுக்க உஸ்ஸ்ஸ். எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம்தான் கேட்டது.

செலெஸ்தினோ கேட்டார்: "நம்ம ஏழாம் நம்பர் பெனால்டி கட்டத்துக்குள்ள விழுந்தானே, பின்னாலேர்ந்து அந்த மொட்டை இடிச்சானே, அது பெனால்டியா, இவனா விழுந்தானா?" தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டினேன். அவர் தேன் மிட்டாய் ஒன்று கொடுத்தார். இடைவேளையில் தன் முட்டை ரொட்டியிலும் பாதி கொடுத்தார். தொண்டை கட்டியவள் அதை அப்படித் தின்னக்கூடாதுதான், தின்றேன்.

அக்டோபர் 8, திங்கள்

காது ஒயர்தானாம் அதற்கு ஏரியல். அதை விரித்துத் தொங்கவிட்டால்தான் ஸ்டேஷன் எடுக்கும். நான் சுருட்டிக் கோட்டுக்குள் திணித்து வைத்திருந்தேன். அமாதோர் போனில், "அன்னிக்கே ரெண்டு தடவ சொன்னேனேம்மா" என்கிறான். சொல்லியிருப்பான். நான்தான் படித்துக்கொண்டிருந்தேனே!

அக்டோபர் 10, புதன்

இந்த முறை நேராகச் சொல்லிவிட்டேன். இருட்டில் கேட்க வேண்டும், கையால் தடவியே எல்லாம் தெரிய வேண்டும், ஒயர் சுருண்டிருந்தாலும் பாட வேண்டும். இருட்டில் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. நல்ல பையன்.

மீடியம் வேவ் ரேடியோ ஒன்று கொடுத்தான். அதற்கு ஏரியல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டேஷனுக்கு ஒரு சக்கரம், சத்தத்துக்கு ஒரு சக்கரம், இரண்டும் வேறு வேறு விளிம்பில். உள்பாக்கெட்டில் சரியாக உட்காருகிறது. நம் ஊர் ஸ்டேஷன் வருகிற இடத்தில் சக்கரத்தின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு, பெட்டியின் மேல் ஒரு சொட்டு. காய்ந்ததும் இரண்டும் சின்ன மருவாகிவிட்டன. மருவும் மருவும் நேராக வந்தால் ஸ்டேஷன். இந்த யோசனை என்னுடையது.

அக்டோபர் 14, ஞாயிறு

இன்று வெளியூர் ஆட்டம். சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பினால் கணீரென்று கேட்கிறது, ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினால் முனகுகிறது. எந்தத் திசை என்று பார்க்கச் சமையலறைக்குள் பம்பரமாகச் சுற்றினேன்.

ஜெயித்தோம். யாரிடம் சொல்வது? அணைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது.

அக்டோபர் 21, ஞாயிறு

கழுகு திரும்ப வந்துவிட்டது!

என் இருக்கையில் இடது பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தால்தான் குரல் தெளிவாக வருகிறது. இடது பக்கம் செலெஸ்தினோ.

"என்ன ஹெர்மினியா, என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்க? ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது."

"கழுத்து பிடிச்சிருக்குய்யா. உன் மூஞ்சியப் பாக்க யாரு காசு குடுத்து வருவா?"

உண்மையில் அவர் முகம் எங்கே தெரிகிறது? காது, தொப்பி, தோள். நடுவில் கறை. அந்தப் பெரிய மீசையை நானே மனசால் ஒட்டிவைத்துக்கொண்டேன்.

நம் கோலுக்குப் பிறகு அவர் ஆரம்பித்தார்: "வலது மூலையிலேர்ந்து பதினொண்ணாம் நம்பர் தூக்கிப் போட்டான், நம்ம நாலாம் நம்பர் காலால தட்டினான், அவன் அப்ப..."

"அவனுக்கு முன்னாடி அவங்க வலது பக்கத் தடுப்பாட்டக்காரன் கால நீட்டிட்டுப் படுத்திருந்தான். ஆஃப்சைடு இல்ல. செல்லும்" என்றேன், காதில் வந்ததை அப்படியே. பெலாயோ திரும்பிப் பார்த்தான். "அட, ரேடியோவுலயும் அதேதான் சொல்றான்!"

வரிசையே கைதட்டியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மிதந்தேன். கதவைத் திறக்கும்போது இறங்கிவிட்டது. கைதட்டல் எனக்கா, அந்தக் குரல்காரனுக்கா? நான் ஒரு ஒலிபெருக்கிதானே?

நவம்பர் 4, ஞாயிறு

எல்லாம் முடிந்தது.

முதல் பாதி, மழை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. சாரலில் யாரும் வாய் திறக்கவில்லை, செலெஸ்தினோகூட. காதில் குரல்காரன் நம் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று இன்னொரு குரல் குறுக்கே பாய்ந்து "கோ...ல்! கோல் கோல் கோல்!" என்றது. இந்த முறை முந்திவிடலாம் என்று துள்ளி எழுந்தேன். குடை விழுந்தது. "கோல்!" என்று கத்திக்கொண்டே செலெஸ்தினோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கும் ஒருவரும் அசையவில்லை.

பிறகுதான் காதில்: "லுகோவில் கோல்! லுகோ மைதானத்தில்..." எந்த ஊரில் கோல் விழுந்தாலும் நடுவில் புகுந்து சொல்வார்களே! இத்தனை வருஷம் பெலாயோ அதைக் கேட்டு எங்களுக்குச் சொல்லியிருக்கிறான். எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

"லுகோவுல போட்டுட்டாங்களாம்" என்றான் பெலாயோ. அதற்குப் பிறகும் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

செலெஸ்தினோ என் கையை மெல்ல விலக்கி உட்கார வைத்தார். என் காதோரம் குனிந்து, "ஏப்ரல்லேர்ந்து தொண்டை வறள நான் சொல்லிட்டு இருக்கேன். அப்புறம் எதுக்கு உனக்கு ரேடியோ?" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். கைப்பிடியைத் தடவித் தடவி. பார்க்கட்டுமே எல்லோரும்!

நவம்பர் 5, திங்கள்

ஏப்ரல்லேர்ந்தா? எப்படித் தெரியும் அந்த ஆளுக்கு?

நவம்பர் 6, செவ்வாய்

பகல் முழுக்க யோசித்தேன். இடது பக்கமா ஓடி வந்தானே. பின்னாலேர்ந்து அந்த மொட்டை இடிச்சானே. வலது மூலையிலேர்ந்து பதினொண்ணு தூக்கிப் போட்டானே. அவர் கேட்ட எதுவும் கேள்வியே இல்லை. எனக்கு ஆட்டத்தைச் சொல்லியிருக்கிறார், கேள்வி மாதிரி வைத்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல். நான் அதை வயசான ஆளின் வளவளப்பு என்று நினைத்தேன்.

கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது. என்னைக் குருடின்னு நெனச்சு ஊட்டிவிட்டாரா? இல்ல, நான் வெக்கப்படக் கூடாதுன்னா? ரெண்டும் ஒண்ணுதானா?

நவம்பர் 10, சனி

ஆறு நாளாக ரேடியோவைத் தொடவில்லை. போன் அடித்தது. எடுக்கவில்லை. நூரியாவாக இருக்கும்.

நவம்பர் 17, சனி

நாளை போகப் போவதில்லை.

கோட்டை மட்டும் தேய்த்து வைத்தேன்.

நவம்பர் 18, ஞாயிறு

போனேன். பதினோராம் வரிசை வரை சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். என் இருக்கையின் மேல் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தது. அவர் வேலை.

"எப்பய்யா தெரிஞ்சுது?" என்றேன், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"ஏப்ரல்ல மீசையை எடுத்தேன். கல்யாணத்தப்பகூட எடுக்காத மீசை. மைதானமே கேலி பண்ணுச்சு. கழுகு மட்டும் ஒரு வார்த்தை சொல்லல."

மீசை இல்லையாம்! போன மாசம்கூட அதைப் பார்த்தபடிதானே உட்கார்ந்திருந்தேன்?

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா என்கிட்ட?"

கொஞ்ச நேரம் இருவரும் விதை கொறித்தோம். பிறகு உள்பாக்கெட்டிலிருந்து ரேடியோவை எடுத்து அவர் கையில் வைத்தேன். மருவும் மருவும் எங்கே சேர வேண்டும் என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். "மத்த ஊர் கோலெல்லாம் நீ கேட்டுச் சொல்லு. நம்ம ஆட்டத்தையும் நீயே சொல்லு. ஆனா கேள்வியா கேக்காத, நேரா சொல்லு" என்றேன்.

நேராகச் சொல்லத் தெரியவில்லை அந்த மனிதருக்கு. கறியை வெட்டுவது போல ஒவ்வொரு துண்டாக எடுத்து வைக்கிறார். கடைசியில் நம் ஆள் ஒரு கோல் போட்டான். சுற்றிலும் எல்லோரும் குதித்தார்கள். செலெஸ்தினோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இரு, இரு, மொதல்லேர்ந்து சொல்றேன், நம்ம கோல்கீப்பர் பந்தை எடுத்தான், எடுத்து..." என்று ஆரம்பித்தார். எடுத்தவன் யாருக்குக் கொடுத்தான், அவன் எப்படி இருவரைத் தாண்டினான், எதிரணியில் ஒரு நெட்டையன் எங்கே வழுக்கினான். அதற்குள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம்கூட மறுபடி தொடங்கிவிட்டது. அவர் ஒருவழியாக வலை வரைக்கும் வந்து சேர்ந்ததும், நாங்கள் இருவர் மட்டும் எழுந்து நின்று "கோல்!" என்று கத்தினோம்.