நடுவில் நிற்காத படகு

பிப்ரவரி 6, வியாழன்

எரிக் கொச்சியிலிருந்து பேசினார். யாரோ பணக்காரர் வாங்கிய சொகுசுப் படகாம். விசாகப்பட்டினம் வரை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். "டேங்க் எம்மாம் பெருசு தெரியுமா மர்சி? இங்க ரொப்பினா வைசாக் வரைக்கும் தாங்கும். நடுவுல எங்கியும் நிக்கத் தேவையில்ல." குரலில் என்ன குஷி!

மற்ற படகென்றால் டீசல் பிடிக்கச் சென்னையில் ஒதுங்குவார், ஓர் இரவு வீட்டில் தங்குவார். இத்தனை வருஷம் என் புருஷனை வீட்டுக்குக் கூட்டி வந்தது டீசல்தானா?

பிப்ரவரி 7

"ஒரு நாள் இறங்கிட்டுப் போங்களேன்" என்று கெஞ்சினேன். "பாக்கலாம்" என்றார். நவம்பரில் பாப்பாவை அடக்கம் பண்ணிய மறுவாரம் படகேறியவர். பிறந்து கண்ணே திறக்காத பிள்ளை — அதைப் பற்றி நாங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 10

படகு போகுமிடம் போனில் புள்ளியாகத் தெரியும். இலங்கையைச் சுற்றும்போது புள்ளியைக் காணோம். வகுப்பில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் திட்டினேன்.

பிப்ரவரி 12, புதன்

பள்ளிக்கு லீவு போட்டேன். காலையில் புள்ளி கோவளம் தாண்டியது. திருவான்மியூர். அடையாறு முகத்துவாரம். நம்ம சாந்தோமுக்கு நேராக வந்து — நின்றுவிட்டது! வேகம் பூஜ்யம்.

செருப்பை மாட்டிக்கொண்டு மீன் வாங்க ஓடினேன். திரும்பி வரும்போது கீழ்வீட்டு ஹாஜிரா பீ, "இன்னா மர்சி, முழு வஞ்சிரம்! ஊட்டுக்காரர் வர்றாரா?" என்றார். ஆமாம் என்று கத்தினேன். குழம்பு கொதிக்கும்போது போனைப் பார்த்தால் புள்ளி எண்ணூர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. கடலில் சாந்தோம் கோயிலுக்கு நேரே வந்தால் எஞ்சினை அணைத்து, சிலுவை போட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அவர் அப்பா பழக்கியது. கல்யாணமான புதிதில் என்னையும் படகில் ஏற்றிச் சொல்ல வைத்தாரே! தெரியும்டி உனக்கு, நல்லாத் தெரியும். ஆசை கண்ண மறைச்சிடுச்சு. கோயிலுக்கு நின்னாரு. எனக்கு நிக்கல.

பிப்ரவரி 15

வைசாக்கிலிருந்து போன். "கோயிலாண்ட நின்னு உனக்கும் சேத்து வேண்டிக்கினேன் மர்சி." வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். பாப்பாவைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அதற்குள் மும்பையில் அடுத்த படகு என்றார்.

மார்ச் 5, சாம்பல் புதன்

பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு படியேறினேன். ஹாஜிரா பீ வாசலுக்கு வந்து, "எரிக் தம்பி எப்பம்மா வருது?" என்றார்.

"அவருக்கு இங்க நிக்கத் தேவையில்லக்கா" என்றேன்.

அக்கா நோன்புக் கஞ்சி கிண்டிய கரண்டியோடு அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார்.