மாப்பிள்ளை வந்த வீடு

அன்புள்ள அக்கா,

உங்கள் நாவலின் ஒரு பிரதி என் மேசையில் கிடக்கிறது. அட்டையில் காய்ந்த மீன் செதில். தாளெல்லாம் மீன் வாடை. ஆரையம்பதிச் சந்தையில் மீன் விற்கும் தங்கேஸ்வரியுடையது. நீங்கள் மறைந்த செய்தி கேட்டு, வியாபாரத்தைப் பாதியில் விட்டு எடுத்துவந்தாள்.

கடல் ஊரை அழித்த மறுவருடம் நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தீர்கள். உப்பளத் தொழிலாளரைப் பற்றி எழுதிச் சொந்த ஊரில் வசை வாங்கியவர் என்று அறிந்திருந்தேன். பேட்டி எடுக்க வந்த என்னையே நீங்கள் கேள்வி கேட்டு முடித்தீர்கள்.

அடுத்த பயணத்தில், தகரக் கொட்டில்களுக்கு நடுவே, எங்கள் ஊரை வைத்து எழுதிய நாவலைப் பெண்களுக்கு வாசித்தீர்கள். தாலி ஏறிய கையோடு கதாநாயகி தாய்வீட்டைப் பிரிந்து, அழுதபடி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். உங்கள் குரல் கம்மியது. பெண்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இவள் எங்ககா போறாள்?" என்று தங்கேஸ்வரி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "அக்கா, இஞ்ச மாப்பிள்ளதான் நம்மட வீட்டுக்கு வாறது. வீடு பொம்புளப் புள்ளைக்கு. அழுறதெண்டா அவன்தான் அழோணும்."

"நான் அழல்ல," என்றார் பின்னால் நின்ற அவள் கணவர். "கறி நல்லா இருந்திச்சி."

நீங்களும் சிரித்தீர்கள். மறுகணமே, "அப்போ கட்டப்போற வீடு யார் பேருக்கு?" என்று கேட்டீர்கள். சிரிப்பு நின்றது. நிவாரண நிறுவனம் புது வீடுகளின் உறுதிப் பத்திரங்களை ஆண்களின் பெயரில் எழுதவிருந்தது. தாய் கொடுத்த வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. புது வீடு மகளுக்குப் போகும் வழி அடைபட இருந்தது.

வீடுகளை ஒதுக்கக் கூடிய கூட்டத்தில், கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, "குடும்பத் தலைவர் பெயரில்தான் கொடுக்கலாம். எல்லா இடத்திலும் இதுதான் முறை," என்றார். நீங்கள் வாதாடவில்லை. அந்த அத்தியாயத்தை அவர் முன்னால் மறுபடி வாசித்தீர்கள். இம்முறை குரல் கம்மவில்லை. பெண்கள் மறுபடி சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர் கேட்டார்.

"நீங்க செய்யப்போற தப்பை நான் முன்னாடியே செஞ்சிட்டேன் சார். நான் தாளைக் கிழிச்சா சரியாயிடும். நீங்க உறுதி எழுதிட்டா?" என்றீர்கள்.

தங்கேஸ்வரியின் கணவர் எழுந்தார். "எனக்கு வேணாம் சேர். நான் வந்த மாப்பிள்ள. வீடு அவட."

அடுத்தவர் எழுந்தார். அதற்கடுத்தவரும். அதிகாரி பட்டியலில் பெயர்களை வெட்டி எழுதத் தொடங்கினார். என் தொழிலில் எத்தனையோ கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் எழுந்து நின்று சொத்து வேண்டாமென்றது அன்று மட்டும்தான். வீட்டுப் பூட்டுகளின் திறப்புகள் பெண்களின் கைக்கு வந்தன, உறுதிகளும் அவர்கள் பெயரிலேயே.

யுத்தம் முடிந்த வருடம், திருத்திய நாவலை அந்த வீடுகளுக்கு நடுவில் வெளியிட்டீர்கள். வாவியைக் கடந்து படுவான்கரையிலிருந்தும் சனம் வந்தது. அப்படியொரு கைதட்டலை நான் அதன்பிறகு கேட்கவில்லை.

இன்னமும் நான் செய்தி எழுதுகிறேன், அக்கா. வெள்ளத்தில் ஒரு வீடு இடிந்தால், வாசலில் நிற்கும் மனிதரிடம் வீடு ஆருடையது என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர் உள்ளே திரும்பிக் கூப்பிடுவார். அவள் கையைத் துடைத்தபடி வரும்வரை பேனா மூடியைத் திறக்கமாட்டேன்.

"என்ட வீடு," என்பாள். "எழுதுங்க."