மண்வெட்டிக் காய்ப்பு

திருக்காட்டுப்பள்ளி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய், எப்படி நலமாக இருக்கிறாய் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. இங்கே நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, எழுதவும் மாட்டேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிப்போவேன், அதனால்தான் இதை எழுதி சபிஹா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நாகூரில் வந்து இறங்கிப் பையைக்கூடப் பிரிக்காமல், உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிற பாசத்தில் உன் தம்பியைப் பார்க்கத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த பெண் அவள். அன்பரசன் மடை திறக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்ததும், அவனுக்கு ஸ்டென்ட் வைத்ததும் உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வயதுடி அவனுக்கு. அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் பெண்டாட்டி வானதி மருந்து வாங்கப் போயிருந்தாள். சபிஹா அவன் விரல் முட்டியில் இருந்த முண்டுகளைப் பார்த்துவிட்டு, சுடரு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போட்டுக்கிற ஊசியத்தானே ஆன்ட்டி இவருக்கும் போடுறாங்க என்று சாதாரணமாகக் கேட்டாள். எந்த ஊசிம்மா என்றேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது.

அப்புறம் துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். ரத்தத்துக் கொழுப்பைக் குறைக்கிற ஊசியாம், மூன்று வருஷமாகப் போட்டுக்கொள்கிறாயாம். கொழுப்பு தேங்கி உன் கையில் வந்திருந்த முண்டுகூடச் சின்னதாகிவிட்டதாம். அதற்கு நம் வீட்டில் என்ன பெயர் என்று உனக்குத் தெரியும், மண்வெட்டிக் காய்ப்பு. உன் தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, அத்தைக்கு எல்லாருக்கும் இருந்தது. உழைச்சு உழைச்சுக் காய்ச்ச கை, அது ரத்தத்துலயே எறங்கியிருக்கு என்று மார் தட்டிக்கொள்வார்கள். மண்வெட்டியைத் தொடாத உனக்கும் வந்ததே என்று நாங்கள் யாராவது யோசித்தோமா? அன்பரசனுக்கு அத்தை மகள் வானதியைப் பேசி முடித்த அன்று அவள் கையைத் தூக்கிக் காட்டி, வேற எங்க போய் பொண்ணு தேடப் போறீங்க, கையே சொல்லுதே நம்ம வீட்டுப் புள்ளைன்னு என்று உன் அத்தை சிரித்தாள். உன் அப்பா அறுப்பு முடிந்து களத்தில் உட்கார்ந்தபடியே போனாரே, அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு எங்கே படிப்பு இருந்தது. உனக்கு இருந்ததே, பாவி.

போன பொங்கலுக்கு வந்தபோது நான் வடை சுட்டுக்கொண்டிருக்க நீ பக்கத்தில் நின்று உன் ஆராய்ச்சியை அவ்வளவு அழகாகச் சொன்னாய். ஈரல் செல்லின் மேல்பக்கம் ரிசெப்டார் என்று கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்ப மேலே வந்துவிடும், எது திரும்பலாம் எது அழியணும் என்று செல்லே உள்ளே தரம் பிரிக்கும் என்றாய். ஒரு என்சைம் வந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் கை திரும்பி வராது, உள்ளே இருக்கிற வேறு என்சைம்கள் அதை அரைத்துக் கரைத்துவிடும் என்றாய். சில குடும்பங்களில் அந்த ஒட்டிக்கொள்கிற என்சைமுக்குப் பிறவியிலேயே வெறி அதிகம், கைகள் குறைந்து குறைந்து கொழுப்பெல்லாம் ரத்தத்திலேயே தங்கி, சின்ன வயசிலேயே நெஞ்சை அடைத்துவிடும் என்றும் சொன்னாய். யாரோ பாவம் என்று நான் உச்சுக்கொட்டினேன். அந்த யாரோ நாம்தான் அம்மா என்று சொல்ல உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஊர் உலகத்துக்கெல்லாம் மேடை ஏறிச் சொல்கிறாயாம், பெற்றவளிடம் சொல்ல முடியவில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அன்றைக்கு உன் தம்பி மகள் மகிழினியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயே, என்னடி பாக்குற என்று கேட்டதற்கு, அழகா இருக்கும்மா என்றாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆறு வயசுப் பிள்ளைடி அது. தெரிந்தால் வானதியை ஊர் கெட்ட ரத்தம் என்று பேசும், சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று எல்லாரும் அவள் மேல் பாய்வார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்று சபிஹாவிடம் சொல்லியிருக்கிறாய். யார் பாய்வது? நான் இருக்கும்போது எவள் வந்து பேசிவிடுவாள்? உனக்கு ஊசி, எங்களுக்கு ஊர் வாய்க்குப் பயமா? நல்லா இருக்குடி உன் நியாயம்.

மறுநாளே மகிழினிக்கும் வானதிக்கும் ரத்தம் எடுத்தாயிற்று. பெரியவங்களுக்கே கொழுப்பு இவ்ளோ இருக்கக் கூடாதும்மா, இது கொழந்த என்று டாக்டர் சொன்னார். உடனே வைத்தியம் ஆரம்பிக்கணும், சென்னையில் ஒரு பெரிய டாக்டரையும் பார்க்கணும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். களையெடுக்க ஆள் சொல்லிவிட்டு வயல் பக்கமே நான் போகவில்லை, பயிர் கிடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் வானதியை உட்கார வைத்து, இது காய்ப்பு இல்லை, ரத்தத்தில் வருகிற வியாதி, சபிஹா சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே, இது அண்ணிக்கு முன்னாடியே தெரியுமா அத்தே என்று ஒன்றுதான் கேட்டாள். தெரியாது என்று பொய் சொல்ல எனக்கு வராது. தெரியும் என்று சொல்ல, நீ என் மகளாய்ப் போனாய். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். மறுநாளும் கேட்டாள். இன்றைக்குக் காலையில் காபி கொடுக்கும்போதும் கேட்டாள்.

உன் மேல் கோபம் தீரவில்லை, இப்போதைக்குத் தீரவும் தீராது. ஆனாலும் வேளைக்குச் சாப்பிடு, உன் ஊசியை ஒருநாளும் தள்ளிப்போடாதே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் வானதிக்குப் போன் செய். அவள் கேட்டதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், நான் சொல்லமாட்டேன். அவளிடம் பேசாமல் என்னிடம் பேசாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெ. காளியம்மாள்