கூடைக்குள் தூவிய மருந்து

அன்புள்ள ரெஜினிக்கு,

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக இங்கே மஸ்கெலியாவிலிருந்து அங்கு வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒன்றுமில்லை. ஒன்பது முட்டைகளைக் குழிதோண்டிப் புதைத்தேன், அவ்வளவுதான். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே?

பள்ளி விடுதிக் கோழியை அடைவைத்தபோது, பேன் பிடிக்காதிருக்க, மரக்கறித் தோட்டத்து பூச்சிமருந்துப் பவுடரைக் கூடை வைக்கோலில் தூவினேன்.

"கோழிக்கும் பவுடர் பூசிட்டீங்களா, மேட்ரனம்மா?" என்று சமையற்கார வீரம்மா சிரித்தாள்.

இருபத்தைந்து நாளாகியும் ஒன்றும் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தேன். ஒரு குஞ்சுக்கு இறகுகூட முளைத்திருந்தது; ஆனால் வயிறு மூடாமல் குடல் வெளியே கிடந்தது. இன்னொன்றுக்குக் கண்ணே இல்லை.

"மருந்தாலதான் இருக்கும். அது ஓட்டுக்குள்ளேயும் போகுமுங்க" என்றார் மிருக வைத்தியர்.

மகன் பிலிப் உருளைக்கிழங்குக்கு மருந்தடித்துவிட்டு வரும் உடுப்பை நீதானே துவைக்கிறாய்? ஆண்பிள்ளை துவைக்கக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான். அது பிழை. இனி அந்த உடுப்பைத் தொடாதே. அவனே துவைக்கட்டும்.

என் கம்பளிக் காலுறையை அனுப்பு. பிள்ளைகள் விடுமுறையில் போனதிலிருந்து விடுதியில் குளிர் அதிகம். தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

தொலைபேசியில் சொன்னால் நம்பமாட்டேன். உடுப்பைத் தொடவில்லை என்று உன் கையால் எழுதிப் பதில் போடு.

மாமி,
திரேசம்மா