கண்ணாடியில் ஒரு வாழ்த்து

செல்ல மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? இங்கே முட்டிவலி எனக்கு, முணுமுணுப்பு அப்பாவுக்கு. மற்றபடி குறையில்லை.

அப்பாவின் சலூன் வழக்கம் உனக்குத் தெரியும். எந்த மதத்துப் பண்டிகையானாலும் பிரஷில் சோப்பு நுரையைத் தொட்டு, பெரிய கண்ணாடியில் வாழ்த்து எழுதிவிடுவார். உன் கல்யாணத்துக்குப் பிறகு, மாப்பிள்ளை வீட்டுப் பண்டிகையன்று மட்டும் அந்தக் கண்ணாடி வெறுமனே இருக்கும். நானும் ஏனென்று கேட்டதில்லை.

நேற்று உங்கள் பண்டிகை. மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், கண்ணாடியில் வாழ்த்து! அதுவும் வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில்.

"என்னங்க இது?"

"வர்ற கஸ்டமருக்காக எழுதினேன். நீயா ஒண்ணும் கற்பனை பண்ணிக்காத" என்று வள்ளென்று விழுந்தார்.

கடையில் ஈ காக்கை இல்லை. பண்டிகை கொண்டாடுகிறவர்கள் முந்தின நாளே முடிவெட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இத்தனை வருஷம் கத்தரி பிடித்தவருக்கு அது தெரியாதா என்ன?

உனக்குக் காட்டலாமென்று போனை எடுத்தேன்.

"எழுத்தை மட்டும் எடு. நான் அதுல விழக்கூடாது" என்றார். சொன்ன வாயோடு தலையை வாரி, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு நேரே வந்து நின்றார். நான் இந்தப் பக்கம் நகர்ந்தால் அவரும் நகர்கிறார். கடைசியில், வாழ்த்துக்குக் கீழே அவர் முகமும் விழுந்துவிட்டது.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு.

"கவர்ல வச்சிட்டியா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான்தான் ஒன்றும் கற்பனை பண்ணிக்கொள்ளக் கூடாதாம்.

உன் அம்மா