கம்பிக் கதவுக்கு உள்ளே

ஆழ்வார்திருநகரி
நவம்பர் 8, இரவு

அன்பு ஜெனிட்டா அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், திட்டாதே. ஹாஸ்டலில் போன் கூடாது. வருகிற கடிதத்தையெல்லாம் வார்டன் தேவமணி டீச்சர் பிரித்துப் படித்துவிடுவார். அதனால் இதை என் வகுப்பு நஃபீஸத்திடம் கொடுப்பேன். அவள் வீட்டிலிருந்து வந்து படிக்கிறவள். அவள் அண்ணி போனில் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். நீயும் கையால் எழுதிப் படமாக அனுப்பு, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொண்டுவருவாள்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் படுப்பது கீழ் அறையில். போன வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் வந்ததே, அந்தத் தண்ணீரின் கறை என் கட்டிலுக்கு மேலே சுவரில் இன்னும் இருக்கிறது. படுத்தபடி பார்த்தால் நான் ஆற்றுக்கு அடியில் கிடப்பது போலத் தோன்றும். சாப்பாடு முடிந்ததும் டீச்சர் கம்பிக் கதவை வெளியே பூட்டிவிட்டு, சாவியோடு எதிர்த்தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். மொட்டை மாடிக்குப் போகிற படி கதவுக்கு வெளியே இருக்கிறது. மழை பெய்கிற ராத்திரிகளில் நான் தூங்குவதே இல்லை.

வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போயேன். அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவாள்.

உன் தங்கச்சி
கிறிஸ்டி


கப்பலிலிருந்து
நவம்பர் 11

என் செல்லம் கிறிஸ்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு கை ஓடவில்லை. ஒரே அறைக்கு இரண்டு தடவை துண்டு வைத்துவிட்டேன்.

அக்கா கப்பலில் மெத்தை விரிக்கிறவள்தான். ஆனால் அபாய மணி அடித்தால் எனக்கு வேறு வேலை. மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு படிக்கட்டில் நின்று, பயணிகளை மேலே அனுப்ப வேண்டும். ஓடாதீர்கள், இந்தப் பக்கம், கைப்பிடியைப் பிடியுங்கள் என்று சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் போகிறவரை நான் அந்தப் படியை விட்டு நகரக் கூடாது. கப்பல் கிளம்பும் முன்பே பயணிகள் எல்லோருக்கும் இந்த ஒத்திகை உண்டு. ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். அதுதான் அடையாளம். வெளியே போகிற வழியில் ஒரு கதவையும் பூட்டக் கூடாது. என் தள்ளுவண்டி வழியை மறித்து நின்றாலே மேலதிகாரி கத்துவார்.

ராத்திரி வேலை முடிந்து தாழ்வாரத்தில் நடந்தால் இரண்டு பக்கமும் கதவுகள். உள்ளே எந்தெந்த ஊர்க்காரர்களோ மூச்சுவிட்டுத் தூங்குகிறார்கள். காலுக்குக் கீழே கடல் பைய அசையும், யாரோ தொட்டில் ஆட்டுகிற மாதிரி. உன்னையும் அதில் ஒரு அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினது போலக் கனவு கண்டேன்.

எனக்கு ஒப்பந்தத் தவணை முடிய மார்ச் ஆகும். அதுவரை, பகலில் கதவு திறந்திருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மாடிவரை நடந்து பழகு. தெரிந்த வழி என்றால் பயம் கொஞ்சம் குறையும்.

அக்கா
ஜெனிட்டா


ஆழ்வார்திருநகரி
நவம்பர் 16, இரவு

அன்பு அக்காவுக்கு,

எல்லாம் கெட்டுப்போனது.

நீ சொன்னபடி நான் மட்டும் நடந்து பழகியிருக்கலாம். எனக்குத்தான் ஆசை கூடிப்போனது. இன்றைக்கு ஞாயிறு, மத்தியானம் டீச்சர் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் பிள்ளைகளை எல்லாம் சேர்த்தேன். கப்பலில் போடுகிற மிதவைச் சட்டைக்குப் பதில் ஆளுக்கொரு தலையணையை நெஞ்சில் வைத்துத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டோம். பி.டி. விசிலை ஏழு சின்னதாகவும் ஒரு நீளமாகவும் ஊதினேன். கண்ணை மூடி, முன்னால் போகிறவள் தோளைப் பிடித்து, மாடிக்கு ஏறினோம். அக்கா, மேலே போய்க் கண்ணைத் திறந்தபோது காற்று அப்படி வீசியது. வாழைத்தோட்டமெல்லாம் பச்சை அலையாக அசைந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஆறு. கொஞ்ச நேரம் கட்டிடமே கிளம்பிப் போவது போல இருந்தது.

கீழே தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் தேவமணி டீச்சர்.

"ஏட்டி கிறிஸ்டி, என்ன கூத்துட்டி இது? ஓடிப்போறதுக்கு ஒத்திகை பாக்கியளோ?"

"இல்ல டீச்சர், வெள்ளம் வந்தா..."

"வெள்ளம் வந்தா தலவாணிய கெட்டிக்கிட்டு எங்க போவ, கொழும்புக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. போன வருஷம் மேல் வகுப்பு அக்கா ஒருத்தி ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் போய்விட்டாளாம், அதற்கப்புறம்தான் இந்தப் பூட்டு. அம்மாவுக்குப் போன் போட்டு, உங்க மவ வெளியே போக வழி பாக்கா என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். வீட்டுக்குப் போனால் பள்ளிக்கூடம் இல்லை. இருந்தால் பூட்டு. நான் என்ன செய்வேன்?

கிறிஸ்டி


கப்பலிலிருந்து
நவம்பர் 18

கிறிஸ்டிம்மா,

அழாதே. அம்மாவிடம் பேசினேன். "பொட்டப்பிள்ளைய பத்தி இப்பிடி ஒரு பேச்சு வந்த பொறவு படிப்பு எதுக்கு?" என்கிறாள். உன்மேல் தப்பில்லை என்று டீச்சர் வாயால் சொன்னால்தான் நம்புவாளாம். நீ சொல், தவணையை முறித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அப்புறம் இந்தக் கம்பெனியில் எனக்கு இடம் கிடைக்காது, பரவாயில்லை.

அதற்கு முன் ஒன்று செய். என் முதல் கடிதத்தை டீச்சரிடம் நீயே கொடு. எதிர்த்துப் பேசாதே. டீச்சர் கெட்டவர் இல்லை, அவருக்கும் பயம். அந்தக் கடிதத்தில் ஒன்று விட்டுப்போனது, அதையும் சொல்கிறேன்: பயணிகள் தூங்குகிற கப்பலில்தான் நாங்களும் தூங்குகிறோம். எங்கள் கேப்டனும் அங்கேதான் படுக்கிறார்.

உன் பதிலுக்காகப் பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன்.

அக்கா


ஆழ்வார்திருநகரி
நவம்பர் 23, இரவு

அன்பு ஜெனிட்டா அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார்.

"திருட்டுத்தனமா கடிதம் வேற" என்றார். பிறகு, "உங்க அக்கா பத்திரமா பாக்காம என்ன செய்வா? கப்பலு முங்குனா அவளும்லா சேந்து முங்குவா?"

சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே தூறல் போட்டது. டீச்சர் கம்பிக் கதவைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த கறையைப் பார்த்தார். "போ, போய்ப் படி" என்றார்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் போகவில்லை. பாய், தலையணை, தைலப் புட்டி எல்லாம் கொண்டுவந்து கதவோரம் விரித்தார். உள்ளேயிருந்து பூட்டி, சாவியைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில், சின்னப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில் மாட்டினார். "எவளாவது இத தொட்டா முழிச்சிருவேன், எனக்குப் பூனைத் தூக்கம்" என்றார். பொய், அக்கா. குறட்டையில் ஜன்னல் அதிர்கிறது. இனிமேல் ராத்திரி கதை பேச முடியாதாம், பிள்ளைகள் எல்லோருக்கும் என்மேல் கோபம்.

இன்றைக்கு அம்மா வந்தாள். டீச்சரே அவளிடம், "நான்தான் தப்பா சொல்லிட்டேன், பிள்ள இருக்கட்டும்" என்றார். அம்மா கொண்டுவந்த மீன் குழம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, தனியாகத் திரும்பிப் போனாள்.

நீ வர வேண்டாம். பெட்டியைப் பிரித்துத் துணியை எடுத்து அடுக்கு. மார்ச்சில் வா.

இப்போது நல்ல மழை. விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். டீச்சர் புரண்டு படுத்து, "யாருட்டி அது, இன்னும் ஒறங்கலயா?" என்றார்.

"அக்காவுக்குக் கடிதம் எழுதுதேன் டீச்சர்."

"எழுதிட்டு வெளக்க அணைச்சிட்டுப் படு."

எழுதிவிட்டேன் அக்கா. படுக்கப் போகிறேன்.

கிறிஸ்டி