போஞ்சித் தோட்டத்தில் ஸ்லக் சோதனை

ஜூன் 7, சனி

மழை. கம்பளையில் கடை மூடியதும் பஸ்ஸில் நின்றுகொண்டே புசல்லாவை வீட்டுக்கு. கையில் சாக்கில் சுற்றிய ரைபிள். யாராவது கேட்டால் மண்வெட்டிப் பிடி என்று சொல்ல எண்ணம். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ரைபிள் நான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடை முதலாளியுடையது. காற்று அடைத்துச் சுடுவது. வீட்டுத் தோட்டத்துப் போஞ்சி, அதாவது பீன்ஸ், பறித்து முடியும்வரை இரவல்.

குரங்குகள் இன்றும் வந்திருக்கின்றன. பந்தலில் பாதி காலி. பட்டாசுக்கும் பயமில்லை. மனைவி மலரின் ஒரே நிபந்தனை: "ஆஞ்சநேயர் பாவம் நமக்கு வேணாங்க. ஒன்னு மேலயும் படக்கூடாது." ஆகவே பந்தலில் தகரம் கட்டி, அதில் மட்டும் சுட்டுச் சத்தம் எழுப்ப வேண்டும். குறி தவறினால் பாவமும் சேரும், வீட்டில் சண்டையும் வரும்.

முதலாளி இரண்டு டப்பா தந்தார். பெலட்: இடுப்பு ஒடுங்கி, அடி விரிந்த சின்னக் குண்டு. ஸ்லக்: இடுப்பே இல்லாத ஈயக் கட்டை, கனம் கூட. "பெலட் காத்துல அலையும் தம்பி. ஸ்லக் நேரா போகும். ஆனா எல்லாக் குழலுக்கும் சரிவராது. அடிச்சிப் பாத்துத்தான் சொல்லணும்."

ஜூன் 8, ஞாயிறு

மழை இல்லை, காற்று மட்டும். மலர் காலையிலேயே டவுனுக்கு, சாமான் வாங்க. நல்லதாயிற்று, பக்கத்தில் நின்று பயமுறுத்த ஆளில்லை.

வேலியோரம் மரத்தூள் மூட்டை, அதில் காகிதம். மேலே வீட்டு வாசலில் அரிசிச் சாக்கில் குழலைச் சாய்த்துச் சுட்டேன்.

பெலட்: கையை விரித்த அளவுக்குச் சிதறல். காற்று வீசும்போதெல்லாம் வலப்பக்கம் ஓடியது. மூட்டையைச் சுற்றிப் பார்த்தேன், பின்பக்கம் ஓட்டை இல்லை. நிம்மதி.

ஸ்லக்: நம்ப முடியவில்லை. எல்லாம் ஒரு பிஸ்கட் அளவுக்குள். காகிதத்தை எடுத்துவந்து மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாளிக்குக் காட்ட வேண்டும்.

மலர் அந்தியில்தான் வந்தாள். கால் வலி என்று சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். காகிதத்தைக் காட்ட முடியவில்லை, கொஞ்சம் ஏமாற்றம்.

ஜூன் 9, திங்கள்

தூறல். தலைவலி. சீனி முடிந்தது.

வேலைக்குப் போகுமுன் மூட்டையை உள்ளே எடுக்கப் போனேன். தூக்கியதும் பின்பக்கத்திலிருந்து மரத்தூள் கொட்டியது. ஓட்டைகள். ஸ்லக் எல்லாம் துளைத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறது. பெலட்டுக்குப் பின்பக்கம் பார்த்தேன். ஸ்லக்குக்குப் பார்க்கவே இல்லை. முன்பக்க அழகில் மயங்கிய மடையன்.

மூட்டைக்குப் பின்னால் வேலிச் செடி. அதற்குக் கீழே இறக்கத்தில் தேயிலை. வாசலிலிருந்து அங்கே ஆள் நின்றால் தெரியாது.

கடையில் ஆணிக்குப் பதில் பூட்டு எடுத்துக் கொடுத்தேன். ஞாயிறு அல்லவா, மலையில் யார் இருக்கப்போகிறார்கள். இதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கடும் மழை. பஸ்ஸில் முன்னால் இரண்டு பெண்கள், நம் தேயிலைத் தோட்டத்தவர்கள்.

"ஞாயித்துக்கெழம கைக்காசு கொழுந்து போட்டாங்களே, நீ வரலயா?"

"புள்ளைக்கு காய்ச்சல். எந்த மல?"

"வேலியோரத்து மல."

லீவு நாளில் கொழுந்து பறித்தால் அன்றே கையில் காசு, அதுதான் கைக்காசு. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான், அதை மறந்துவிட்டேன். யாருக்கும் அடிபட்டிருந்தால் லயத்து வீடுகள் எல்லாமே கூடியிருக்கும், அப்படி எதுவும் இல்லை. அப்படியும் பஸ்ஸில் இருக்க முடியவில்லை. ஒரு ஹால்ட் முன்னாலேயே இறங்கி மழையில் நடந்தேன்.

மலரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், ஞாயிறு கைக்காசுக்கு யார் யார் போனார்கள் என்று.

"நானுந்தான் போனேன். டவுனுக்கு போற வழியில கங்காணி கூப்பிட்டாரு. வேலியோர வரிசைய நான்தான் கேட்டு வாங்குனேன், போஞ்சிக்கு காவலாவும் இருக்கும்ல." தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். "மேல பொட்டு பொட்டுன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்க இருக்கீங்கன்னு தைரியமா பறிச்சேன்."